இரண்டாவது வரிசை

தீபாவளி விடுமுறை முடிந்து லேபுக்குத் திரும்பிய முதல் நாள், கழுவ மறந்துபோயிருந்த ஒரு கண்ணாடித் தட்டை மைக்ரோஸ்கோப்பின் கீழே வைத்தேன். வைத்திருக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு நாள் யாரும் தொடாத தட்டு. தண்ணீர் பாதி வற்றி, ஓரத்தில் உப்பு வெள்ளையாக ஏறியிருந்தது. நேராகக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கொட்டியிருக்கலாம். ஆனால் எதையும் கொட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது என் வழக்கம்.

என் உயிரிகள் அதில் இன்னும் இருந்தன. மெலிந்துபோய், மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்து ஸ்லைடில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை லேசாக அழுத்திப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதன் வலது ஓரத்தில் ஒரே ஒரு வரிசைதான் இருந்தது. இரண்டு இருந்திருக்க வேண்டும். என் உள்ளங்கை சில்லிட்டுப்போனது.

அதற்கு ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்ல, என் வேலையைச் சொல்லியாக வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். எடுத்துக்கொண்ட விஷயம், கடற்கரை மணலில் வாழும் சிலியேட்டுகள். ஒற்றைச் செல் உயிரிகள். பெரியது என்று நாங்கள் சொல்வதே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மணல் துகளுக்கும் துகளுக்கும் நடுவே நிற்கும் ஈரத்தில்தான் அவற்றின் குடித்தனம். உடம்பில் மயிர் போல நுண்ணிய இழைகள் இருக்கும். சிலவற்றில் அந்த இழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து கால்களைப் போல ஆகிவிடும். அந்தக் கால்களால் அவை மணல்மேல் ஓடும், நிற்கும், பின்வாங்கும். எத்தனை கற்றைகள், எத்தனை வரிசை, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எண்ணித்தான் ஒன்றை இன்ன இனம் என்று சொல்கிறோம். எண்ணுவதுதான் முழு வேலையும்.

மணலிலிருந்து அவற்றை வெளியே கொண்டுவர ஒரு வழி உண்டு. அடியில் வலை கட்டிய ஒரு குழாயில் மணலைப் போட்டு, அதன்மேல் கடல்நீரையே உறையவைத்த பனிக்கட்டியை வைக்க வேண்டும். கட்டி உருகி இறங்க இறங்க, குளிருக்கும் உப்புக்கும் அஞ்சி அவை கீழே ஓடிவந்து தட்டில் விழும். முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குப் பாவமாக இருந்தது.

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில், கெடிலம் ஆறு கடலில் சேரும் இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே எடுத்த மணலில் அந்த உயிரி கிடைத்தது. அதன் நெருங்கிய சொந்தம் என்று புத்தகங்களில் இருப்பதற்கு வலது ஓரத்தில் ஒரு வரிசைக் கற்றைகள். என்னுடையதற்கு இரண்டு. தட்டில் இரண்டு அரிசிமணியைப் போட்டுப் பாக்டீரியா வளர்த்து, அதைத் தின்னவிட்டு, நிறைய ஆனதும் கற்றைகள் எடுப்பாகத் தெரிய வெள்ளிச் சாயம் ஏற்றி, இருபத்துமூன்று செல்களை உட்கார்ந்து எண்ணினேன். இருபத்துமூன்றிலும் இரண்டாவது வரிசை இருந்தது. அதில் இரண்டு செல்களில் மூன்றாவதாக ஒரு துண்டும் தெரிந்தது. அதை விதிவிலக்கு என்று அடிக்குறிப்பில் தள்ளிவிட்டேன். இன்றைக்கு அந்த அடிக்குறிப்பை நினைத்தாலும் எனக்கு முகம் சுடும்.

புதிய இனம் என்று கட்டுரை எழுதினோம். எழுதினோம் என்றால் நானும் என் கைடும். அதற்குப் பேராக எங்கள் ஊரான கடலூரின் பேரையே லத்தீன் சாயலில் வைத்தோம். தீபாவளிக்கு முந்தைய மாதம் ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிப் பத்திரிகை அதை ஏற்றுக்கொண்டது. கல்லூரியில் காலைக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். என் மாமனார் பண்ருட்டியில் பலா மண்டி வைத்திருப்பவர். அவர் யாரிடமும் கேட்காமல், பஸ் ஸ்டாண்டு பக்கம் தன் மண்டி வாசலில் எட்டடிக்கு ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். உலகுக்கே புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்த எங்கள் வீட்டு மருமகள் என்று போட்டு, நான் கல்யாணத்துக்கு எடுத்த போட்டோ ஒன்று. உயிரினத்தின் படத்துக்கு, இணையத்தில் எங்கிருந்தோ ஒரு ஜெல்லிமீனை எடுத்துப் போட்டிருந்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

அந்தத் தட்டிலிருந்து அன்றைக்குப் பதினேழு செல்களை எடுத்துப் பார்த்தேன். பதினாறில் ஒரே வரிசை. வேறு ஏதோ இனம் தட்டில் கலந்துவிட்டது, புத்தகத்தில் இருக்கும் அந்தப் பழைய சொந்தமே வந்து சேர்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழாவதில் இரண்டாவது வரிசை இருந்தது. ஆனால் பாதிதான். தலைப்பக்கம் ஏழெட்டுக் கற்றைகள் தெளிவாக நின்றன. அதன்பிறகு இரண்டு மங்கலான புள்ளிகள். அதன்பிறகு ஒன்றுமில்லை. அந்த வரிசை கரைந்துகொண்டிருந்தது.

கரைகிற வரிசை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இந்த உயிரி இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொரு பாதியும் தனக்குப் புதிய கற்றைகளைக் கட்டிக்கொள்ளும். பழைய கற்றைகள் கொஞ்ச நேரம் கூடவே இருந்துவிட்டு மெல்லக் கரைந்து உடம்புக்குள்ளேயே போய்விடும். அப்படியானால் நான் எண்ணிய இரண்டாவது வரிசை புதிய இனத்தின் அடையாளமே இல்லை. அரிசி போட்டு வளர்த்ததில் அவை தின்று தின்று வேகமாகப் பிரிந்துகொண்டே இருந்திருக்கின்றன. பழையது கரைவதற்குள் அடுத்த பிரிவு வந்துவிட்டது. நான் எண்ணியது மிச்சத்தை. பன்னிரண்டு நாள் விடுமுறையில் தீனி தீர்ந்து, பசியோடு கிடந்த பிறகு மிச்சம் போய், இனம் தன் உண்மையான உருவத்துக்குத் திரும்பிவிட்டது.

இவ்வளவும் ஒரு நொடியில் புரிந்தது. புரிந்ததும் மைக்ரோஸ்கோப்பின் விளக்கை அணைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். திருடியவள் பார்ப்பது போல. லேபில் யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கடலூர் பஸ்ஸில் ஏறியவள் புதுச்சத்திரம் தாண்டியும் டிக்கெட் வாங்கவில்லை. கண்டக்டர் இரண்டுமுறை கேட்டபிறகுதான் காதில் விழுந்தது. எனக்குப் பயம் புதிதில்லை. கேஸ் மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். ஆனால் அந்தப் பயமெல்லாம் திரும்பிப் போய்ப் பார்த்ததும் போய்விடும். இது பார்க்கப் பார்க்க ஏறியது.

ஐந்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் மேடம் எதிரில் வந்தால் தலையைக் குனிந்துகொண்டேன். என் கைடைத்தான் மேடம் என்கிறேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. நான் எழுதிக் கொடுக்கும் பக்கத்தில் தப்பு இருந்தால் ஓரத்தில் சிவப்பில் ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவார். அந்த ஒரு கேள்விக்குறிக்காகப் பக்கம் முழுவதையும் திரும்ப எழுதுவேன். எங்கள் துறையிலிருந்து இதுவரை ஒரு புதிய இனமும் அறிவிக்கப்பட்டதில்லை. இதுதான் முதல். கட்டுரை ஏற்கப்பட்ட அன்று மேடம் தன் வீட்டிலிருந்து கேசரி செய்து கொண்டுவந்து கடைசி ஊழியர் வரைக்கும் கொடுத்தார். தலையைக் குனியும்போதெல்லாம் அந்தக் கேசரிதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆறாவது நாள் என் கணவரிடம் சொன்னேன். அவர் கடலூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர். என் வேலையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், குளிர்சாதனப் பெட்டியில் மீன் வைக்கும் தட்டில் நான் கடல்நீரை உறையவைப்பேன் என்பதுதான். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கண்டிப்பா தப்புதானா, இல்ல தப்பா இருக்குமோன்னு பயமா?"

தட்டில் இரண்டு இனம் கலந்திருக்க இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதை அடைத்துவிட்டால்தான் கண்டிப்பு. வழி எளியது. ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து, தீனி போட்டுப் பெருகவிட்டு, அதன் பிள்ளைகளுக்கு இரண்டு வரிசை வருகிறதா, தீனியை நிறுத்தினால் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு இனமாக இருக்க முடியாது.

மறுநாள் போய்ப் பார்த்தால், லேபில் மின்சாரம் போய், ஏசி நின்று, என் தட்டுகள் எல்லாம் வெந்துபோயிருந்தன. ஓர் உயிரி மிச்சமில்லை. வெட்கத்தோடுதான் சொல்கிறேன், அந்தக் கணம் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. சாட்சி இல்லாமல் போய்விட்டது. இனி யாராலும் கேட்க முடியாது. அந்த நிம்மதி வந்ததைக் கண்டதும்தான் என்னைப் பார்த்தே எனக்குப் பயம் வந்தது. அதற்கு முன்பு நான் பயந்ததெல்லாம் மற்றவர்களுக்கு.

புது மணல் வேண்டும். வங்கக்கடலில் தாழ்வுநிலை என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் புயல் வந்து அந்தக் கரையையே புரட்டிப் போட்டுவிடும். மணலுக்குள் இருப்பவை எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். திரும்ப வர மாதக்கணக்காகலாம். பத்திரிகைக்காரர்கள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள்.

காலை ஆறரை மணிக்குக் கணவரின் பைக்கில் தேவனாம்பட்டினம் போனோம். மழை இல்லை. காற்றில் மணல் பறந்து முகத்தில் ஊசியாகக் குத்தியது. நான் வழக்கமாக மணல் எடுக்கும் சரிவான கரை அங்கே இல்லை. அலை அதை அறுத்துக்கொண்டு போயிருந்தது. என் இடுப்பு உயரத்துக்கு மணல் செங்குத்தாக வெட்டி நின்றது. கட்டுமரங்களையும் ஃபைபர் படகுகளையும் மேட்டுக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். ஒரு மீனவர் படகுக்குக் கயிறு போட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

"யம்மா, அந்தாண்ட போவாத. கடல் நல்லா இல்ல இன்னிக்கி."

சரிங்கண்ணா என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இரண்டு அலைக்கு நடுவே ஓடி, கரையின் அடியிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்து பாட்டிலில் போட்டால் போதும். அப்படித்தான் நினைத்தேன். முதல் கைப்பிடியை எடுத்தபோது பின்னாலிருந்து வந்த அலை முட்டியில் அடித்து, திரும்பும்போது காலடி மணலை வாரிக்கொண்டு போனது. உட்கார்ந்த நிலையில் விழுந்தேன். அடுத்த அலை தலைக்கு மேலே வந்தது. கண்ணில், மூக்கில், வாயில் எல்லாம் மணலும் தண்ணீரும். எந்தப் பக்கம் கரை என்று தெரியவில்லை. தரை என்னைக் கீழே கீழே இழுத்தது. கத்தினேனா என்று தெரியாது. என் கணவர் சுடிதாரின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தார். துணி கிழிந்தது. அப்புறம் அந்த மீனவர் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கி மேட்டில் போட்டார்.

பாட்டில் போய்விட்டது. மீனவர் நனைந்த லுங்கியைப் பிழிந்துவிட்டுக்கொண்டார். பிறகு என் கணவரிடம் அப்படி என்னாத்துக்கு இந்த மண்ணு என்று கேட்டார். சோதனைக்கு என்று அவர் சொன்னார். மீனவர் பைக்கில் இருந்த இன்னொரு பாட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வெட்டி நின்ற கரையின் நடுவில், ஈரம் இருந்த இடத்தில் விரலால் தோண்டி நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வாங்கும்போது மூடி கீழே விழுந்தது. அவரே எடுத்துத் துடைத்து மூடினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பைக்கின் பின்னால் பல் கிட்டித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலைக்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான் அந்த வாரம் முழுவதும் அந்த வரிசையை நான் மறந்திருந்தது.

அந்த மணலிலிருந்து ஒன்பது செல்கள் கிடைத்தன. ஒன்பதே ஒன்பது. அத்தனையிலும் ஒரே வரிசைதான் தெரிந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழிக்கண்ணாடியில் விட்டேன். ஐந்துக்கு அரிசியைப் பொடித்துப் போட்டேன். நான்கை வெறும் கடல்நீரில் விட்டேன். புயல் எங்களைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. மூன்று நாள் நல்ல மழை மட்டும் பெய்தது. பஸ் ஓடியது. நான் தினமும் போய் வந்தேன்.

தீனி தின்ற ஐந்தில் மூன்று பிழைத்துப் பெருகின. மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைகளில் சிலவற்றை எடுத்துப் பார்த்தேன். இரண்டு வரிசை. எந்தச் சந்தேகமும் இல்லாத, அழகான, முழு இரண்டாவது வரிசை. தீனி இல்லாதவற்றில் ஒரே வரிசை. இனி கடைசிப் பாதி. இரண்டு வரிசை உள்ளவற்றைச் சுத்தமான கடல்நீருக்கு மாற்றி, பட்டினி போட்டேன். அவை மாறக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். உண்மை தெரிய வேண்டும் என்பதற்காக எல்லாம் செய்துவிட்டு, உண்மை தெரியக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்கு மறுநாள் பத்திரிகையிலிருந்து ப்ரூஃப் வந்தது. அச்சுக்குப் போகும் முன் எழுத்துப்பிழை பார்க்க அனுப்பும் பக்கங்கள். ஐந்து நாளுக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். முதல் பக்கத்தில் என் பேர், மேடத்தின் பேர், கீழே சாய்ந்த எழுத்தில் எங்கள் ஊரின் பேர். இவ்வளவு அழகாக என் பேரை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மேடம் எனக்கு ஒரு வரி அனுப்பியிருந்தார். படம் மூன்றில் அளவுகோல் சரியா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம் என்று.

பட்டினியின் நான்காம் நாள் ஆறு செல்களைப் பார்த்தேன். இரண்டில் பாதி வரிசை. மூன்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் பின்பக்கம் கரைந்து, முன்பக்கம் மூன்றே கற்றைகள் பாக்கி. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்தான் அவை. ஆறையும் வரைந்து, பக்கத்தில் நாளும் மணியும் போட்டு வைத்தேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். மேடம் தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். உள்ளே போய் நின்றேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது. மேடம், அது புதுசு இல்லை என்று மட்டும் வந்தது. பிறகு கண்ணாடித் தட்டிலிருந்து பட்டினி வரைக்கும் வரிசை மாறி மாறிச் சொன்னேன். அவர் சிவப்புப் பேனாவின் மூடியைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"இது யார் யாருக்குத் தெரியும்?"

அந்தக் கேள்வி எனக்குக் கடல் அலையைவிடப் பயமாக இருந்தது. வீட்டுக்காரருக்கு மட்டும் என்றேன். அவர் எழுந்து என்னோடு லேபுக்கு வந்தார். மைக்ரோஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தவர் நாற்பது நிமிடம் எழுந்திருக்கவில்லை. புது ஸ்லைடுகளைப் பார்த்தார். பழைய இருபத்துமூன்றையும் எடுக்கச் சொன்னார். அதில் மூன்றாவது துண்டு இருந்த இரண்டு செல்களில் வெகுநேரம் நின்றார். மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் புடவைத் தலைப்பில் இருந்த கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் திரும்பாமலே பேசினார்.

"ப்ரூஃபை அனுப்பிட்டாலும் உலகம் ஒன்னும் முழுகிடாது. பத்து வருஷம் கழிச்சி யாராவது பார்த்துச் சொல்லுவாங்க. இந்த மாதிரி பேரு எத்தனையோ இருக்கு."

அவர் சொன்னது பொய் இல்லை. அப்படி எத்தனையோ பேர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. ஒருவர் புதிது என்பார், இன்னொருவர் வந்து இல்லை என்பார். சரி மேடம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். பொன்னாடை பொன்னாடையாக இருந்திருக்கும். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குப் பயமா இருக்கு மேடம். பத்து வருஷமும் தினம் இதே பயம் இருக்கும்."

அவர் இப்போது திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். முகத்தில் கோபம் இல்லை. நான் அதுவரை அவர் முகத்தில் பார்க்காத ஒன்று இருந்தது.

"எனக்கும்தான். நீங்க எண்ணிட்டு வந்தீங்க, நான் படத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஸ்லைடை எடுத்துப் பார்க்கல. பார்த்திருந்தா அந்த மூணாவது துண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும். இதை நான் பிரின்சிபால்கிட்ட சொல்லணும்."

என்னைப் போகச் சொன்னார். என்ன செய்யப்போகிறார் என்று தெரியாமலே வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை பத்தரைக்கு அவர் பத்திரிகைக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் எனக்கு வந்தது. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், வளர்ப்பு நிலையில் ஏற்படும் மாற்றத்தை இன அடையாளமாக எடுத்துக்கொண்டோம், இந்தத் தவறுக்கு இருவரும் பொறுப்பு என்று நான்கு வரி. இருவரும் என்ற சொல்லை நான் பலமுறை படித்தேன்.

இன்னும் ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டி போனோம். பலா சீசன் இல்லாத நாட்கள். மண்டியில் முந்திரி மூட்டை நாலைந்து மட்டும் கிடந்தது. வாசலில் என் முகம் மழையில் நனைந்துகொண்டு தொங்கியது. மாமனாருக்கு எப்படி விளக்குவது என்று வழியெல்லாம் கணவரோடு பேசிக்கொண்டு வந்தேன். நானே சொல்லிடறேன் என்றார். வேண்டாம் என்றுவிட்டேன்.

சொன்னேன். மாமனார் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இதைச் சொன்னால் மண்டிக்கு வருகிற வியாபாரிகள் அவரை என்ன கேட்பார்கள் என்ற நினைப்பில் ஃப்ளெக்ஸ் பக்கமே பார்க்காமல் பேசினேன்.

"அப்போ அந்தப் பூச்சி இல்லவே இல்லியாம்மா?"

"இருக்கு மாமா. ஆனா புதுசு இல்ல. முன்னாடியே வேற ஊர்ல கண்டுபிடிச்சதுதான். நான்தான் தப்பா எண்ணிட்டேன்."

"நம்ம கடல்ல இருக்குதுன்னு முன்னாடி யாராவது சொல்லிருக்காங்களா?"

இல்லை என்றேன். அது போதாதா என்று அவர் முகம் கேட்டது. ஆனால் வாயால் கேட்கவில்லை. நல்லா இருக்கறப்பவே இறக்கிடறது மரியாதை என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆளைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸை இறக்கச் சொன்னார். கழற்றியதை மடித்து, முந்திரி மூட்டைகள்மேல், எழுத்து உள்பக்கம் இருக்கும்படிப் போர்த்தினார். எனக்கு டீ வரவழைத்தார். வாங்கிக் குடித்தேன். வியாபாரிகள் கேட்டார்களா, அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

கல்லூரியில் நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஒன்றுமே நடக்காமலும் இல்லை. ஆசிரியர் அறையில் நான் நுழைந்தால் பேச்சு நின்றது. இனிமேல் எண்ணுவதற்கு முன் கால்குலேட்டர் எடுத்துக்கச் சொல்லுங்க என்று யாரோ சொன்னது என் காதுக்கு வந்தது. மேடம் மூன்று வாரம் என்னிடம் வேலை தவிர எதுவும் பேசவில்லை. என்மேல் கோபமா, தன்மேல் கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடமும் அதே உயிரியைத்தான் வளர்த்தேன். தீனி போட்டு, நிறுத்தி, ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் எடுத்துச் சாயம் ஏற்றி, இரண்டாவது வரிசை எப்படி வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து கரைகிறது என்று முழுக்க வரைந்தேன். ஒவ்வொரு ஸ்லைடையும் மேடம் என் பக்கத்தில் உட்கார்ந்து தானும் எண்ணினார். இருவர் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்றாவது முறை. அந்தக் கட்டுரை வேறொரு சின்னப் பத்திரிகையில் வந்தது. அதில் புதிய பேர் எதுவும் இல்லை. யாரும் பொன்னாடை போர்த்தவில்லை.

கடலுக்குத் திரும்பப் போக எனக்கு எட்டு மாதம் ஆனது. அதுவரை கணவர்தான் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார். இப்போதும் மணல் எடுக்கக் குனியும்போது கடலுக்கு முதுகு காட்ட மாட்டேன். பக்கவாட்டில் குனிந்து, ஒரு கண்ணை அலைமேல் வைத்துக்கொண்டுதான் எடுப்பேன். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

போன வருடம் ஒரு மெயில் வந்தது. முன்பின் தெரியாத பேர். உங்கள் கட்டுரை பற்றி என்று தலைப்பு. அதைப் பார்த்ததும் அந்தப் பழைய குளிர் உள்ளங்கையில் ஏறியது. எதையோ தப்பாக எண்ணிவிட்டேன், யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்திருந்தேன். தூத்துக்குடிப் பக்கம் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் எழுதியிருந்தார். அவர் தட்டில் வளரும் வேறொரு இனத்தில் கூடுதலாக ஒரு வரிசை இருக்கிறதாம். புதிய இனம் என்று எழுத உட்கார்ந்தவர் என் கட்டுரையைப் படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். தீனியை நிறுத்தி எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசியில், பயமாக இருக்கிறது மேடம் என்று ஒரு வரி.

நான்கு நாள், ஆனால் ஏழு நாள் வரைக்கும் பாருங்கள் என்று பதில் எழுதினேன். பக்கத்தில் இன்னொருவரையும் உட்காரவைத்து எண்ணச் சொன்னேன். பயத்தைப் பற்றி ஏதாவது எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதி எழுதி அழித்தேன். என் போன் நம்பரை மட்டும் கீழே போட்டு அனுப்பினேன். எட்டாம் நாள் அவர் கூப்பிட்டார்.